பல்லக்கில் யார்? ‘பொன்னியின் செல்வ’னில் மூழ்கிய முக்கால் நூற்றாண்டு

‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் எட்டாவது அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த தலைப்பு ‘பல்லக்கில் யார்?’. கடம்பூர் மாளிகைக்குள் மூடுபல்லக்கு ஒன்று வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பது பழுவூர் இளையராணி நந்தினி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நள்ளிரவில் ஒளிந்திருந்து பார்க்கும் வந்தியத்தேவனுக்கு, திரைக்குப் பின்னால் இருந்தவர் வேறொருவர் என்பது தெரியவருகிறது. அந்தக் கணத்தில் சோழ அரியணையே ஆட்டம் காண்கிறது. இன்று படிப்பவர் பக்கத்தைப் புரட்டினால் அடுத்து நடப்பது தெரிந்துவிடும். 1950-ல் படித்தவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 அன்று தொடங்கிய கதை 1954 மே 16 அன்று முடிந்தது. ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாகச் சிகரம்’ என்று ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம் வந்தது. தொடர் வெளிவந்த காலத்தில் இதழின் விற்பனை 70,000 பிரதிகளைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், எழுத்தறிவு குறைவாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு தமிழ் வார இதழுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. ஒரு பிரதியை ஒருவர் மட்டும் படிப்பதும் அன்று வழக்கமில்லை. வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வீட்டில் முடிந்ததும் இதழ் பக்கத்து வீட்டுக்குப் போனது.

படித்து முடித்த பிறகும் இதழைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை. தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, பைண்டிங் செய்து வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட தொகுப்புகள் இன்றும் பல வீடுகளின் அலமாரிகளில் இருக்கின்றன. காலிகோ ஒட்டிய தடித்த அட்டை, முதுகில் மையால் எழுதிய பாகத்தின் பெயர். உள்ளே தாள் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டாலே உதிரும். அத்தியாயம் முடிகிற பக்கத்தில் ஒரு விளம்பரம், அதன் பின்புறத்தில் பாதியில் நிற்கும் வேறொரு கதை. நடுநடுவே மணியத்தின் ஓவியங்கள். நந்தினியின் கொண்டையும், குந்தவையின் நிமிர்ந்த பார்வையும், குதிரைமேல் வந்தியத்தேவனும் பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்தது அந்தக் கோடுகளின் வழியாகத்தான். கதைக்களங்களை நேரில் பார்க்கக் கல்கி இலங்கைக்குப் போனபோது மணியமும் உடன் சென்றார். பின்னாளில் இதே கதை கல்கி இதழில் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் முதலியோர் வரைந்தார்கள். பாட்டிக்கு மணியத்தின் நந்தினி, அம்மாவுக்கு வினுவின் நந்தினி என்று ஒரே குடும்பத்தில் இரண்டு முகங்கள் இருந்ததுண்டு.

ஒரு கதை இவ்வளவு பேரை இப்படிப் பிடித்துவைத்தது எப்படி? அதன் கட்டுமானத்தை உற்றுப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். கல்கி கதையை அரசனிடமிருந்து தொடங்கவில்லை. பெயருக்குரிய பொன்னியின் செல்வனாகிய, பின்னாளில் முதலாம் இராஜராஜனாகும் அருள்மொழிவர்மன் முதல் பாகத்தில் பெரும்பாலும் பிறர் பேச்சில்தான் வருகிறான். குதிரையேறி நம் முன்னால் வருபவன் வந்தியத்தேவன். வாணர் குலத்தில் பிறந்தாலும் ஆள நாடில்லாதவன், துடுக்கானவன், வாயைக் கட்ட முடியாதவன், சோழ நாட்டுக்குப் புதியவன். அவனுக்கு எது தெரியாதோ அது நமக்கும் தெரியாது. அவன் வழி கேட்கும்போது நாமும் வழி தெரிந்துகொள்கிறோம். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசியலின் அத்தனை சிக்கலும் பாடமாக இல்லாமல், ஊர் சுற்ற வந்த ஓர் இளைஞனின் காதில் விழுந்த செய்திகளாக வந்து சேர்கிறது.

குடந்தை சோதிடர் வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். வந்தியத்தேவனிடம் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய இரண்டு ஓலைகள் இருக்கின்றன. ஒன்று சக்கரவர்த்தி சுந்தர சோழருக்கு, மற்றொன்று இளையபிராட்டி குந்தவைக்கு. சோதிடர் வீட்டுக்குள் அவன் தடாலென்று நுழையும்போது அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஓலைக்கு உரியவளே எதிரில் நிற்கிறாள், அவனுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். அடுத்து ஆற்றங்கரையில் பெண்களின் கூக்குரல் கேட்டு ஓடுகிறான். வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. வேலை எறிகிறான், குறி தப்பவில்லை. ஆனால் அது உயிருள்ள முதலையே அல்ல. குந்தவையின் தோழி வானதியின் பயந்த சுபாவத்தைச் சோதிக்க மற்றத் தோழிகள் கொண்டுவந்து வைத்த பாடம் செய்த உடல். வீரத்தைக் காட்ட வந்தவன் அவமானப்பட்டு நிற்கிறான். காதல் தொடங்கும் இடத்தில் இப்படியொரு சறுக்கலை வைத்த கதாசிரியரின் துணிவு அபாரமானது. எதிரில் நின்ற பெண்தான் குந்தவை என்று அவனுக்குத் தெரியவரும் நாளைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆவல் அந்த நொடியில் வாசகரைப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் புத்தகத்தைக் கீழே வைப்பது கடினம்.

கல்கி ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போதே இன்னும் இரண்டு கேள்விகளை எழுப்பிவிடுவார். நந்தினி யார் மகள்? ஊமை ராணிக்கும் சுந்தர சோழருக்கும் என்ன உறவு? மதுராந்தகன் பிறப்பில் என்ன மர்மம்? இவற்றில் சில முடிச்சுகள் முதல் பாகத்தில் விழுந்து ஐந்தாம் பாகத்தில்தான் அவிழ்கின்றன. வாரப் பத்திரிகை வாசகர் ஒரு முடிச்சை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் என்றால், அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்திலும் திண்ணையிலும் ரயிலிலும் பிறரோடு விவாதித்தார், ஊகித்தார், பந்தயம் கட்டினார். கதையின் பாதி வேலையை அவரே செய்தார். அதனால்தான் அது அவருடைய கதையாகவும் ஆயிற்று.

கதையில் இப்படிக் கரைந்துபோவதை உளவியல் ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், இன்பத்துக்காகப் படிப்பவர்களைப் பற்றிய தம் நூலை 1988-ல் வெளியிட்டார். வெளியே சலனமில்லாமல் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தாலும், விரும்பிப் படிப்பவரின் உடல் உள்ளுக்குள் விழிப்பும் கிளர்ச்சியுமாக இருப்பதை அவர் அளந்து காட்டினார். இன்னொன்றும் கண்டார். நல்ல கதை கிடைத்தால் நாம் விறுவிறுவென்று படிப்போம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மிகவும் பிடித்த பக்கங்களில் வாசகர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். பூங்குழலி நள்ளிரவில் படகோட்டும் பக்கங்களைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அமெரிக்க ஆய்வாளர்கள் மெலனி கிரீனும் திமத்தி பிராக்கும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கதைக்குள் முழுமையாகப் போய்விட்ட வாசகர்கள், அது கற்பனை என்று தெரிந்திருந்தாலும், அதில் சொல்லப்பட்ட உலகத்தை ஒட்டித் தம் கருத்துகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கதையில் குறை காணும் மனநிலையும் அப்போது தளர்ந்துவிடுகிறது. பொன்னியின் செல்வனைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. பின்னால் இதற்கே வருவோம்.

தொடர்கதை வாசகரின் பற்று எவ்வளவு தீவிரமாகும் என்பதற்கு இங்கிலாந்தில் பழைய உதாரணம் உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தார். ஸ்ட்ராண்ட் இதழின் வாசகர்கள் கொதித்தார்கள். ஏராளமானோர் சந்தாவை நிறுத்தினார்கள். 1901-ல் பழைய சம்பவம் ஒன்றைச் சொல்வதாக ஹோம்ஸை மீண்டும் எழுத்தில் கொண்டுவந்தவர், 1903-ல் ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதவேண்டியதாயிற்று. நம் காலத்தில் 2007 ஜூலை 21 அன்று ஹாரி பாட்டரின் ஏழாவது, கடைசிப் புத்தகம் வெளியானபோது நள்ளிரவில் கடைகளின் வாசலில் வரிசை நின்றது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகம் அறிவித்தது.

ஹாரி பாட்டரின் மாயப் பள்ளிக்கு ரயில் ஏறிப் போக முடியாது. வந்தியத்தேவன் போன வழியில் பஸ் ஏறியே போய்விடலாம். கல்கியின் வாசகர்களை இத்தனை காலம் கட்டிவைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அதுதான் இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிக் கிடக்கும் வீராணம் ஏரி. முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தன் வெட்டுவித்தது. வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். 2004-இலிருந்து சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் தரும் ஏரியும் இதுவே. ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடும் விண்ணகரக் கோயில் அதே ஊரில் வீரநாராயணப் பெருமாள் கோயிலாக இருக்கிறது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் அது.

அந்த ஊரின் இன்னொரு பகுதி உடையார்குடி. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலின் கல்வெட்டு ஒன்றில்தான் இந்த நாவலின் மையப் புதிருக்கான வரலாற்றுச் சான்று இருக்கிறது. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்த நடவடிக்கையைப் பதிவு செய்கிறது. கல்கியின் கதையில் வருகிற சதிகாரர்களான ரவிதாசனும் சோமன் சாம்பவனும் பரமேசுவரனும் இந்தக் கல்லிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். கதை தொடங்கும் ஏரியும் கொலையின் சாட்சியம் செதுக்கப்பட்ட சுவரும் ஒரே ஊரில் இருக்கின்றன. நாவலைப் படித்துவிட்டு அந்தச் சுவரின் முன் போய் நிற்கிறவருக்கு, அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்த எழுத்துகள் பேசத் தொடங்கும்.

அங்கிருந்து தெற்கே போனால் கும்பகோணத்துக்கு அருகில் பழையாறை. சோழர்களின் மாளிகைகள் இருந்த இடத்தில் இன்று வயல்களும் சோமநாதர் கோயிலும். அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர். பழுவேட்டரையர்கள் உண்மையில் ஆண்ட மண். கோடிக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் என்று சொல்லப்பட்ட இடிபாட்டை வாசகர்கள் தேடிப்போய்ப் பார்த்துவந்தார்கள். பூங்குழலியின் தந்தை தியாக விடங்கர் காவல் இருந்ததாகக் கல்கி எழுதிய கலங்கரை விளக்கம் அது. 2004 சுனாமியில் அதுவும் சரிந்தது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் பயணம் தொடர்கிறது: அனுராதபுரம், தம்பள்ளை, பொலன்னறுவை. இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி தங்கள் தீவிலேயே நடக்கும் கதை.

நெருக்கம் இவ்வளவு இருப்பதால் ஒரு சிக்கலும் வருகிறது. நந்தினி என்றொருத்தி வாழ்ந்ததாகவே பலர் நம்புகிறார்கள். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் ஊமை ராணி மந்தாகினியும் கல்கியின் கற்பனைகள். குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தப் பிரம்மராயர் ஆகியோர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இருப்பவர்கள். வந்தியத்தேவனைப் பற்றி வரலாற்றில் கிடைப்பது மிகச் சொற்பம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிப்பிடுகிறது. கையளவு செய்தியிலிருந்து இவ்வளவு உயிருள்ள ஒருவனை எழுப்பியது படைப்பாற்றலின் உச்சம். ஆனால் அந்தக் குறும்பும் குதிரையும் கல்வெட்டில் இல்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும் இப்படித்தான். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மனைப் பிக்குகள் அங்கே காப்பாற்றுவதாகக் கதை. ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய அந்த விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாகத் தந்ததை ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. அது இராஜராஜன் அரசனாகி இருபதாண்டுகள் கடந்தபின் நடந்தது. கதையின் தேவைக்காகக் கல்கி காலத்தை முன்னே இழுத்துக்கொண்டார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. வாசகரும் ஓரடி கூடுதலாக எடுத்துவைத்து, கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையோ தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றையோ திறந்து பார்ப்பது நல்லது. கல்கியே சான்றாகக் கொண்ட ஆசிரியர்கள் அவர்கள். அப்படித் திறந்தவர்கள் ஏராளம். கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு கோயில் கோயிலாகப் போகும் பலரிடம் எப்படி இந்த ஆர்வம் வந்தது என்று கேட்டால், பள்ளி விடுமுறையில் படித்த இந்த ஐந்து பாகங்களைத்தான் சொல்வார்கள்.

கதையை மேடைக்கும் திரைக்கும் கொண்டுவரும் ஆசையும் பழையது. எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியிலேயே படமாக்க முனைந்தார், நடக்கவில்லை. 1999-ல் மேஜிக் லேன்டர்ன் குழுவினர் குமரவேலின் நாடகமாக்கத்தில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் மேடையேற்றினார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதும் அதே ஆண்டுதான். அதன்பின் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டன. சென்னைப் புத்தகக் காட்சியில் இதை அடுக்கிவைக்காத அரங்கைத் தேடத்தான் வேண்டும். பாம்பே கண்ணன் ஒலி நூலாகவும் கொண்டுவந்தார். தமிழ் பேசத் தெரிந்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் இரண்டு பாகங்களாக வந்தது. படத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஒரு செய்தி: மணிமகுடம் யார் தலைக்குப் போகிறது என்பதில் நாவலில் உள்ள திருப்பம் படத்தில் இல்லை. அதைப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும்.

கடைசிப் பாகம் மற்ற எல்லாவற்றையும்விட நீளம், 91 அத்தியாயங்கள். அது முடிந்தபோது வாசகர்கள் நிறைவடைந்துவிடவில்லை. வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா, நந்தினி என்ன ஆனாள், சதிகாரர்கள் பிடிபட்டார்களா என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதை விளக்கினார். தொடர் முடிந்து ஏழு மாதம் ஆவதற்குள், 1954 டிசம்பர் 5 அன்று, 55 வயதில் காலமானார். அவர் எழுதத் தொடங்கியிருந்த ‘அமர தாரா’வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

ஆதித்த கரிகாலனைக் குத்திய கை யாருடையது என்பதை மட்டும் அவர் ஐயத்திலேயே விட்டுவிட்டார். வரலாற்றிலும் அந்த வழக்கு முடியவில்லை. கொலைக்குப் பின் அரியணை ஏறிய உத்தம சோழன் பதினைந்து ஆண்டுக்காலம் ஆண்டும் கொலைகாரர்களின் நிலங்கள் இராஜராஜன் காலத்தில்தான் ஏன் பறிமுதலாயின என்ற கேள்வியை வைத்து நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது ஐயப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். நாவலாசிரியர்களும் விடவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கல்கி நிறுத்திய இடத்திலிருந்து கதையைக் கொண்டுபோனார். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராஜேந்திரன் காலத்துக்கு நகர்ந்து 1963-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகங்களில் இராஜராஜனையும் பெரிய கோயில் எழும்பியதையும் பேசுகிறது. ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் வாசகர் விக்கிரமனிடமிருந்து தொடங்கலாம். வந்தியத்தேவனும் குந்தவையும் அங்கே காத்திருக்கிறார்கள்.